படத்தொழிலுக்குக் காமிராவும் லென்ஸும் தேர்ந்தெடுத்தல்

கைத்தொழில் ஒன்று கற்றவன் எக்கரையிலும் பிழைப்பான் என்பது கடல் கடந்து வந்த நம்மவர் அனுபவத்தில் கண்ட உண்மை. தச்சு, தையல், வியாபாரம், துறைமுக வேலை என்று இத்தீவுகளில் காலூன்றிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று புதிய தொழில்களையும் நாடுகின்றனர். புகைப்படத் தொழில் அவற்றுள் ஒன்று. பாம்பூஃப்ளாட்டிலாயினும் எதிர்க்கரையிலாயினும் கலியாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்றால் படம் பிடிப்பவர் ஒருவர் இல்லாமல் நடப்பதில்லை.

"பிலிம் காலம் மலையேறிவிட்டதே, இனி அதைப்பற்றிப் பேசுவானேன்?" என்று சிலர் கேட்கலாம். டிஜிட்டல் காமிரா வந்தபின் பிலிம் அருகியது மெய்யே, ஆனால் மறைந்துவிடவில்லை. கோடக் நிறுவனம் முன்பு நிறுத்திவிட்ட எக்டாக்ரோம் பிலிமை 2018இல் மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. லைக்கா எம்6 காமிரா 2022இல் மறுபடியும் செய்யப்பட்டது. பென்டாக்ஸ் நிறுவனம் 2024இல் புதிய பிலிம் காமிரா ஒன்றையே வெளியிட்டது. பிலிமில் எடுத்த படத்தின் தன்மையை விரும்பி, அதற்கென்று கூடுதல் கூலி தரும் வாடிக்கையாளரும் இருக்கின்றனர்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமற் சொல்லிவிட வேண்டும். பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடத்து அடையாளப் படம், அன்றே எடுத்து அன்றே தரவேண்டிய வேலை ஆகியவற்றிற்கு டிஜிட்டலே ஏற்றது. உருவப்படம், மணமக்கள் படம், நெடுங்காலம் பாதுகாக்க வேண்டிய படம் ஆகியவற்றிற்கு மட்டுமே பிலிமை நாடலாம். ஒரு நல்ல காமிராவும் இரண்டு மூன்று லென்ஸ்களும் வாங்குவதென்றால் நடுத்தரக் குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு அதில் கரைந்துவிடும். வீட்டுப் பெண்களின் வளையல் அடகுக்குப் போன பிறகு, வாங்கிய சாதனம் பழுதுபார்க்க ஆளின்றி அலமாரியில் கிடக்குமானால் அந்தத் துன்பம் ஒருவரோடு நிற்பதன்று. ஆகவேதான், வாங்குமுன் சிந்திக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துக் கூற முற்படுகிறேன்.

வேலை முதலில், காமிரா பிறகு

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், கானுயிர்களைப் பற்றிக் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை பத்தி எழுதி வந்தவர், 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். காட்டு யானைகளை அவர் பிடித்த கறுப்பு வெள்ளைப் படங்கள் புகழ் பெற்றவை. அவர் கையாண்ட காமிராவோ எந்தக் கடையிலும் கிடைத்ததன்று. ஒன்றின் உடலையும் மற்றொன்றின் தொலைநோக்கு லென்ஸையும் வேறு சில உறுப்புகளையும் தாமே இணைத்துச் செய்துகொண்டது. பார்த்தவர்கள் வியந்தனர், சிலர் நகைத்தனர். 'சூப்பர் பாண்டரோசா' என்ற வேடிக்கைப் பெயரும் அதற்கு வழங்கிற்று. தமக்கு வேண்டிய படம் எத்தகையது என்பதை முதலில் தெளிந்து, பின்னர் அதற்கேற்ற கருவியை அமைத்துக்கொண்டவர் அவர்.

நம் தீவுகளிலேயே இதற்கு முன்னோடி ஒருவர் உண்டு. மாரிஸ் விடால் போர்ட்மன் என்னும் ஆங்கில அதிகாரி 1879இல் இங்கு வந்தவர். 1890களில் அந்தமான் பழங்குடி மக்களைப் பெரிய கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திற்கு அனுப்பினார். மானிடவியலாருக்குப் புகைப்படக்கலை எவ்வாறு உதவும் என்பதைப்பற்றி 1896இல் தனிக் கட்டுரையே எழுதினார். அவருக்கு எதிரே நிறுத்தப்பட்ட மக்களின் விருப்பத்தை அந்நாளில் யாரும் பொருட்படுத்தவில்லை. இன்று காலம் மாறிவிட்டது. பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, ஒதுக்கப்பட்ட பகுதியில் அவர்களைப் படம் பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம். 2012இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. இத்தீவுகளில் தொழில் செய்ய முன்வரும் இளைஞர் இதை முதற்பாடமாகக் கொள்ளவேண்டும்.

எந்த அளவுப் பிலிம்?

தொழிலில் பெரிதும் வழங்குபவை இரண்டு. ஒன்று 35 மி.மீ. சுருள், மற்றொன்று '120' எனப்படும் அகன்ற சுருள். முன்னதில் ஒரு படத்தின் அளவு 24க்கு 36 மி.மீ.; ஒரு சுருளில் 36 படங்கள். பின்னதில் சதுரப் படம் எடுத்தால் ஏறத்தாழ 56 மி.மீ. சதுரம், ஒரு சுருளில் 12 படங்களே. பரப்பைக் கணக்கிட்டால் சதுரப் படம் மூன்றரை மடங்குக்கும் மேல் பெரிது. படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கும்போது முகத்தின் மென்மையும் பட்டுச் சேலையின் இழையும் கெடாமல் நிற்பதற்கு அதுவே காரணம்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஒரு கலியாணத்தில் 720 படங்கள் வேண்டுமென்றால் 35 மி.மீ.யில் 20 சுருள் போதும். சதுரப் படத்திற்கு 60 சுருள் ஆகும். தாலி கட்டும் வேளையில் பன்னிரண்டாம் படத்தோடு சுருள் தீர்ந்துபோனால் மாப்பிள்ளை காத்திருப்பாரா? ஓடியாடி எடுக்கும் நிகழ்ச்சிக்கு 35 மி.மீ.யும், நிறுத்தி நிதானமாக எடுக்கும் உருவப்படத்திற்கு 120ம் ஏற்றவை. இரண்டையும் ஒருங்கே வாங்க முயலாமல், எந்த வேலையில் முதற்கூலி கிடைக்குமோ அதற்கானதை முதலில் வாங்குவதே விவேகம்.

லென்ஸ் பொருத்தும் வாய்

காமிராவின் உடல் தேயும், பழுதாகும், மாற்றப்படும். நல்ல லென்ஸோ நெடுங்காலம் நிற்கும். எனவே மூலதனத்தில் பெரும்பகுதி லென்ஸுக்கே செல்லவேண்டும். இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, லென்ஸை உடலோடு பொருத்தும் வாய்.

ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இதை இருப்புப்பாதை வழியே விளக்குவது எளிது. நம் தீவில் ரயில் இல்லையாயினும், ஊருக்குப் போய்வருவோர் அகலப்பாதையையும் மீட்டர் பாதையையும் அறிவர். அகலப்பாதையின் இடைவெளி 1676 மி.மீ.; மீட்டர் பாதையினுடையது 1000 மி.மீ. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. லென்ஸ் வாயும் அவ்வாறே. லென்ஸ் அமரும் இடத்திலிருந்து பிலிம் வரையுள்ள தூரம் நிக்கான் எஃப் வகையில் 46.5 மி.மீ.; கேனன் எஃப்டி வகையில் 42 மி.மீ. ஆகவே எஃப்டி லென்ஸை நிக்கான் உடலில் வெறும் வளையம் வைத்துப் பொருத்தினால் தொலைவிலுள்ள பொருள் தெளிவாக விழாது.

1987இல் கேனன் நிறுவனம் எஃப்டி வாயைக் கைவிட்டு ஈஎஃப் என்னும் புது வாய்க்கு மாறியது. பாதை மாறிய அன்று பழைய வண்டிகளின் கதி யாதாயிற்றோ, அதுவே எஃப்டி லென்ஸ் வைத்திருந்தோரின் கதியுமாயிற்று. நிக்கான் 1959இல் அமைத்த எஃப் வாயின் அளவு பல்லாண்டுகள் மாறவில்லை. எனினும் 1977இல் அதில் ஒரு திருத்தம் வந்தது. அதற்கு முற்பட்ட லென்ஸை மாற்றியமைக்காமல் பிற்காலத்து உடல்கள் சிலவற்றில் மாட்டினால் உடல் சேதமடையும். விற்பவர் "எல்லாம் பொருந்தும்" என்று சொன்னாலும், கையில் வைத்துப் பொருத்திப் பார்த்தபின்பே பணம் கொடுக்கவேண்டும்.

எத்தனை லென்ஸ்?

35 மி.மீ. பிலிமுக்கு மூன்று லென்ஸ்கள் போதும். மண்டபத்தில் கூட்டமாக நிற்போரை எடுக்க 35 மி.மீ.; பொது உபயோகத்திற்கு 50 மி.மீ.; முகத்திற்கு 85 அல்லது 105 மி.மீ. அகலமான லென்ஸை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பருத்துக் காது சிறுத்துவிடும். சற்றே விலகி நின்று நீண்ட லென்ஸால் எடுத்தால் முகம் உள்ளபடி அமையும்.

பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் உள்ள கலங்கரை விளக்கக் காட்சி, பாம்பூஃப்ளாட்டுக்கு மேலே நிற்கும் மவுண்ட் ஹாரியட் பக்கத்துக் காட்சி என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். (அம்மலை 2021 முதல் மவுண்ட் மணிப்பூர்.) அதை அகலமான லென்ஸில் எடுப்பவர்க்குக் கடலும் வானமும் நிறையக் கிடைக்கும், விளக்கம் ஊசிமுனையாகிவிடும். எதைக் காட்ட வேண்டுமோ அதற்கேற்ப லென்ஸ் அமைய வேண்டும் என்பதற்கு வேறு பாடம் வேண்டுவதில்லை.

லென்ஸின் ஒளித்திறனும் இங்கே முக்கியம். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது; நாமோ ஏறத்தாழ 92¾ பாகையில் இருக்கிறோம். அதனால் டிசம்பரில் மாலை ஐந்து மணி அளவிலேயே சூரியன் மறைகிறது. மாலை வரவேற்பு முழுவதும் இருளில்தான். எஃப் 1.8 லென்ஸ், எஃப் 3.5 லென்ஸைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். தூரம் மாற்றும் ஜூம் லென்ஸ் ஒன்றைவிட ஒளித்திறன் மிக்க சாதாரண 50 மி.மீ. லென்ஸ் ஒன்று நமக்கு அதிகம் உழைக்கும்.

பகல் கலியாணத்திற்கு வேறொரு சங்கடம் உண்டு. உச்சி வெயிலில் முகத்து நிழலைப் போக்க ஃபிளாஷ் தேவை. துணித்திரை ஷட்டருள்ள பழைய காமிராக்கள் பலவற்றில் ஃபிளாஷ் 1/60 விநாடி வரைதான் ஒத்து வேலை செய்யும். நிக்கான் எஃப்எம்2 (1982) போன்றவற்றில் அது 1/200, 1/250 வரை உயர்ந்தது. லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் அமைந்த ஹாஸல்பிளாட் 500சி (1957) போன்றவற்றிலோ 1/500 வரை எல்லா வேகத்திலும் ஒத்துப்போகும். வெயில் வேலை மிகுதியாக உள்ளவர் இதைக் கேட்டறிந்து வாங்குவது நலம்.

ஈரமும் கடலும்

இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மி.மீ. மழை பெய்கிறது. ஈரக்காற்றும் உப்புக்காற்றும் ஓய்வதில்லை. லென்ஸின் கண்ணாடியில் நூல் நூலாகப் படரும் பூஞ்சை ஒருமுறை ஆழ வேரூன்றினால் துடைத்தாலும் தழும்பு போகாது. காமிராவைத் தோல் உறையிலிட்டு அலமாரியில் பூட்டிவைத்தல் தவறு. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரிசிப் பானையில் புதைப்பதும் கூடாது. மாவுத்தூசி உள்ளே புகும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, ஈரமானியில் 40 முதல் 50 விழுக்காடு வரை காட்டுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெல் நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தினால் மறுபடியும் பயன்படும். இந்தப் பெட்டியின் விலையைக் காமிரா விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அடுத்தது தூரம். சென்னைக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். மின்சாரப் பலகை பழுதான காமிராவுக்கு உதிரி உறுப்பு சென்னையிலும் அரிது. எனவே தீவில் தொழில் செய்வோர், பாட்டரி இல்லாவிடினும் ஷட்டர் இயங்கும் இயந்திரக் காமிராவையே நாடுதல் நன்று. அதே வாயுள்ள இரண்டாவது உடல் ஒன்று, எளியதாயினும், கையில் இருக்கவேண்டும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்களே, படத்தொழிலில் அந்த இரண்டாம் உடலே அச்சாணி. முகூர்த்தம் ஒருமுறைதான் வரும்.

பிலிமுக்கும் அயலாரையே நம்பியிருக்கிறோம். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசாங்கத் தொழிற்சாலை, 'இந்து' என்ற பெயரில் பிலிமும் காகிதமும் தந்து வந்தது. இன்று அது மூடப்பட்டுவிட்டது. ஆதலால் ஒரே நிறுவனத்தின் அபூர்வப் பிலிமை நம்பியுள்ள காமிராவை வாங்கலாகாது. 35 மி.மீ.க்கும் 120க்கும் பல நிறுவனங்களின் பிலிம் கிடைக்கும். விமானத்தில் கொண்டுசெல்லும்போது பிலிமைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்து, கண்ணால் சோதிக்குமாறு பணிவுடன் கேட்கவேண்டும், புதுவகைச் சி.டி. சோதனைக் கருவி பிலிமைக் கெடுத்துவிடும்.

கலர் பிலிமைப் பெருநகரத்திற்கு அனுப்பித்தான் கழுவ வேண்டியிருக்கும். கறுப்பு வெள்ளையையோ வீட்டிலேயே கழுவலாம். மருந்து 20 பாகைச் சூட்டில் இருக்கவேண்டும். நம் குழாய் நீர் அதைவிட வெப்பமானது. பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்துக் குளிரச் செய்யலாம். தண்ணீர் தட்டுப்பாடான கோடையிலும் ஒரு வழி உண்டு. இறுதியில் பிலிம் தொட்டியில் நீர் நிரப்பி ஐந்துமுறை கவிழ்த்து மாற்றி, பின் பத்துமுறை, பின் இருபதுமுறை என்று மும்முறை அலசினால் போதும். ஓடும் நீர் வேண்டுவதில்லை.

வாங்கும் வேளையில்

இன்று கிடைக்கும் தொழில்முறைப் பிலிம் காமிராக்கள் பெரும்பாலும் பழையவையே. லென்ஸின் ஊடே டார்ச் ஒளி பாய்ச்சிப் பூஞ்சை உண்டா என்று பாருங்கள். ஒளித்துவார இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கலாகாது. ஒரு விநாடி வேகத்தில் ஷட்டர் தயங்குகிறதா என்று கேளுங்கள். பின்கதவின் ஒளித்தடுப்புப் பஞ்சு கையோடு உதிர்ந்தால் மாற்றவேண்டும். அது சிறு செலவுதான். எல்லாம் சரியெனினும், சொந்தச் செலவில் ஒரு சுருள் எடுத்துக் கழுவிப் பார்க்கும்வரை யாரிடமும் வேலை ஒப்புக்கொள்ளலாகாது.

பணத்தைப் பங்கிடும் முறை இதுவே: முதலில் ஒளித்திறன் மிக்க நல்ல லென்ஸ் ஒன்று, அதற்கேற்ற எளிய இயந்திர உடல், ஈரம் புகாப் பெட்டி, பழகுவதற்குப் பிலிம், பின்னர் இரண்டாவது உடல், கூலி வரத்தொடங்கிய பிறகே மற்ற லென்ஸ்கள். பெற்றோர்களும் பிள்ளை கேட்கிறானே என்று முழுத்தொகையையும் ஒரேநாளில் கொடுத்துவிடாமல், "எந்த வேலைக்கு? எங்கே கழுவுவாய்? பழுதானால் யார் பார்ப்பார்?" என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். மூன்றுக்கும் விடை சொல்லக்கூடிய பிள்ளையிடம் பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம்.