சீரக அறையில் சோம்பு: பைத்தானில் வரிகளை வெட்டுவது எப்படி இயங்குகிறது?

மளிகைக் கடையிலிருந்து நான்கு பொட்டலங்கள் ஒரே சணலில் கோத்து வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு என்பது பேசிவைத்த வரிசை. பொட்டலத்தின் மேல் பெயர் கிடையாது, வரிசைதான் அடையாளம். முடிச்சுகளைக் கத்தரித்து, முதலாவதை முதல் அறையில், அடுத்ததை அடுத்த அறையில் என்று அஞ்சறைப் பெட்டியில் கொட்டிக்கொண்டே போகலாம். காற்புள்ளியால் பிரித்த சி.எஸ்.வி. கோப்பு இப்படித்தான் இயங்குகிறது. ஒவ்வொரு வரியும் ஒரு சணல், காற்புள்ளி முடிச்சு, பைத்தானின் ‘ஸ்ப்ளிட்’ கத்தரிக்கோல்.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பது கத்தரிக்கோலின் கவலை இல்லை. அதனால்தான் ஸ்ப்ளிட் அநேகமாகப் பிழையே காட்டுவதில்லை. முடிச்சே இல்லாத சணலைக் கொடுத்தால் முழுவதையும் ஒரே துண்டாகத் திருப்பித் தரும். வெற்றுச் சரத்தைக் காற்புள்ளியால் வெட்டச் சொன்னால், காலித் துண்டு ஒன்றைப் பட்டியலில் போட்டு நீட்டும். பெர்ல் மொழியின் ஸ்ப்ளிட் இன்னும் விவகாரமானது: வரியின் கடைசியில் காலிப் பொட்டலங்கள் இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கி எறிந்துவிடும். ஆகவே வெட்டும் இடத்தில் பிழையைத் தேடிப் பயனில்லை. கொட்டும் இடத்தில் தேட வேண்டும்.

பெயர், முகவரி, ஊர், தொகை என நான்கு அறைகள். வந்த வரி இது:

செல்வி,12, மேலத்தெரு,மன்னார்குடி,4500

நம் முகவரிகளில் கதவு எண்ணுக்குப் பின் காற்புள்ளி போடுவது ஊரறிந்த வழக்கம். கத்தரிக்கோல் அதையும் முடிச்சென்று எண்ணி வெட்டிவிடும். நான்குக்குப் பதில் ஐந்து துண்டுகள். முகவரி அறையில் வெறும் 12, ஊர் அறையில் மேலத்தெரு, தொகை அறையில் மன்னார்குடி. நான்கு மாறிகளின் பெயரை வரிசையாக எழுதி ஒரே மூச்சில் பிரித்து வாங்கியிருந்தால், துண்டுகள் அதிகம் என்று ‘வேல்யூ எரர்’ எழும்பி நிரல் அங்கேயே நிற்கும். முதல் துண்டு, இரண்டாம் துண்டு என எண் போட்டு எடுத்திருந்தால் சத்தமே வராது. தொகையை எண்ணாக மாற்றும்போதுதான், மன்னார்குடி எண் இல்லை என்று பைத்தான் முரண்டுபிடிக்கும். மாற்றாமல் அப்படியே சேமித்தால் அதுவும் கிடையாது. கத்துகிற பிழையைக் கண்டு எரிச்சல்படுகிறோம். உண்மையில் அதுதான் நமக்கு உபகாரம் செய்கிறது.

சரி, துண்டுகளை எண்ணிப் பார்த்தால் போதுமா? போதாது. அந்த வரியை எழுதியவர் ஊரை எழுத மறந்துவிட்டார் என்று வையுங்கள்:

செல்வி,12, மேலத்தெரு,4500

இப்போது சரியாக நான்கு துண்டுகள். கடைசித் துண்டு எண்தான். எண்ணிக்கைச் சோதனையும் தேறிவிடும், எண் சோதனையும் தேறிவிடும். மேலத்தெரு என்ற ஊரில் 12 என்ற முகவரியில் செல்வி வசிப்பதாகப் பதிவாகும். ஒரு பொட்டலம் கூடி ஒரு பொட்டலம் குறைந்ததால் கணக்கு ஒத்துப்போய்விட்டது. சீரக அறையில் சோம்பு விழுந்த கதை இது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ரசம் கொதிக்கும்போதுதான் தெரியும். இதைப் பிடிக்க, கொட்டும் முன் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. அதாவது தெரிந்த ஊர்களின் பட்டியலில் ‘மேலத்தெரு’ இருக்கிறதா, தொகை நடைமுறைக்கு ஒத்த அளவுக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு அறைக்கும் அதற்கேற்ற சோதனை வேண்டும்.

இந்தத் தொல்லைக்கு முறையான மருந்து, காற்புள்ளி உள்ள பொருளைத் தனிக் காகிதத்தில் மடிப்பது. முகவரியை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால், உள்ளே இருக்கும் காற்புள்ளி முடிச்சாகாது. 2005-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4180 என்ற ஆவணம் இந்த வழக்கத்தை எழுதி வைத்தது. ஸ்ப்ளிட்டுக்கு இந்தக் காகிதம் கண்ணில் படாது. பைத்தானுடன் கூடவே வரும் சி.எஸ்.வி. தொகுதிக்குப் படும். ஆகவே பிறர் தந்த கோப்பை வெறும் ஸ்ப்ளிட்டால் வெட்டாதீர்கள் என்பேன்.

ஆனால் அந்தத் தொகுதியும் இயல்பில் தாட்சண்யம் மிக்கது. திறந்த மேற்கோள் மூடப்படாவிட்டால், அடுத்த மேற்கோள் வரும்வரை அடுத்தடுத்த வரிகளை எல்லாம் அதே பொட்டலத்துக்குள் அடைத்துக்கொள்ளும். கோப்பு முடியும்வரை மேற்கோள் வராவிட்டாலும் குறை சொல்லாது. ‘ஸ்டிரிக்ட்’ என்ற அமைப்பை இயக்கினால்தான் அங்கே பிழை எழுப்பும். காற்புள்ளிக்கும் மேற்கோளுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டால், மேற்கோளையே சாதாரண எழுத்தாகக் கருதிவிடும். ஸ்டிரிக்ட் கூட இதைத் தடுக்காது, ‘ஸ்கிப்இனிஷியல்ஸ்பேஸ்’ வேண்டும். தலைப்புப் பெயரால் அறைகளைத் தரும் ‘டிக்ட்ரீடர்’ இன்னும் பெரிய மனசுக்காரர்: குறைந்த அறையில் ‘நன்’ என்ற வெறுமையை வைப்பார்; மிஞ்சிய துண்டுகளைப் பெயரில்லாத மூலையில் குவிப்பார். இரண்டையும் நாம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எண்களில் ஒரு விசித்திரம். 1,25,000 என்று நம் முறைப்படி எழுதியதை, எண்ணாக மாற்றும் பைத்தானின் ‘இன்ட்’ ஏற்காது. ஆனால் ௧௨ என்று தமிழ் எண்ணில் எழுதிக் கொடுங்கள், 12 என்று சமர்த்தாகப் படித்துவிடும்.

பிழை எழும்பினால் என்ன செய்வது? பலர் செய்வது, முழு நிரலையும் ஒரு ‘டிரை’க்குள் போட்டு, ‘எக்செப்ட்’டில் ‘பாஸ்’ என்று எழுதிக் கடந்துபோவது. சமையலறையில் இதற்குப் பெயர், சந்தேகமான பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பது. டிரை சிறியதாக இருக்கட்டும்: ஒரு வரியை அறைகளில் இடும் பகுதியை மட்டும் சூழட்டும். பிடிக்க வேண்டிய பிழையின் பெயரைக் குறிப்பிடுங்கள். வேல்யூ எரரை மட்டும் பிடித்தால் சி.எஸ்.வி. தொகுதியின் சொந்தப் பிழை அதில் அகப்படாது. அது வேறு குலம். எழுத்துக் குறியீடு பொருந்தாதபோது வரும் ‘யூனிகோட் டிகோட் எரர்’ வேல்யூ எரரின் பிள்ளை. அதனால் பழைய குறியீட்டில் சேமித்த தமிழ்க் கோப்பு முழுதாக உடைந்திருந்தாலும், ஏதோ ஒரு வரியில் தொகை தவறு என்று நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

தேறாத வரியைத் தனித் தட்டில் ஒதுக்குங்கள். வேறொரு கோப்பில் மூல வரி, வரி எண், காரணம் மூன்றையும் எழுதுங்கள். நாமாக ஊகித்துத் திருத்த வேண்டாம். அனுப்பியவரிடம் கேட்பதே மேல். பாதி வரிகள் தட்டுக்கு வந்துவிட்டால், கடைக்காரர் வரிசையையே மாற்றிவிட்டார் என்று பொருள். வேலையை நிறுத்திவிடுங்கள்.

சொல்லாமல் விழும் வரிகளின் விலைக்கு இங்கிலாந்தில் ஒரு சாட்சி உண்டு. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, கோவிட் தொற்று உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டார்கள். ஆய்வகங்களிலிருந்து சி.எஸ்.வி. கோப்புகளாக வந்த தரவை, 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியிருந்தார்கள், மிஞ்சியவை விழுந்துவிட்டன. விடுபட்டவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் அதனால் தாமதமாயிற்று.

நிரலின் கடைசியில் மூன்று எண்களை அச்சிடுங்கள்: வந்த பதிவுகள், ஏற்றவை, ஒதுக்கியவை. பின்னிரண்டின் கூட்டல் முதலாவதற்குச் சமமாக இல்லாவிட்டால், அந்தக் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள்.