மருத்துவர் பிழையை அளக்கும் கோல்

தச்சர் செய்த கதவு கோணலாக நின்றால் காண்பவர் எவர்க்கும் அப்பிழை புலப்படும். மருத்துவர் செய்யும் பிழையோ அத்தகையதன்று. செவ்வனே மருத்துவம் செய்தும் நோயாளி இறப்பதுண்டு. கவனமின்றிச் செய்தும் பிழைப்பதுண்டு. ஆதலின், விளைவை மட்டும் கொண்டு மருத்துவர்மீது குற்றம் சாட்டுதல் பொருந்தாது. அங்ஙனமாயின், கற்றறிந்த வல்லுநரின் கவனக்குறைவை அளக்கும் கோல் யாது? அது யார் கையில் இருத்தல் வேண்டும்? இவ்வினாவிற்குச் சிங்கப்பூர்ச் சட்டம் இருபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை விடை பகர்ந்துள்ளது.

இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுப்பவர் மூன்று செய்திகளை மெய்ப்பித்தல் வேண்டும். தம்பால் கவனம் செலுத்தும் கடமை மருத்துவருக்கு இருந்தது என்பது ஒன்று. அவர் அக்கடமையினின்று தவறினார் என்பது மற்றொன்று. அத்தவற்றினாலேயே தமக்குத் தீங்கு நேர்ந்தது என்பது மூன்றாவது. இவற்றுள் இரண்டாவதே வழக்குகளில் பெரிதும் வாதிக்கப்படுவது.

இங்கிலாந்தில் 1957இல் தீர்க்கப்பட்ட போலம் வழக்கு இதற்கு ஓர் அளவையைத் தந்தது. மனநோயாளி ஒருவருக்குத் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடாமல் மின்னதிர்ச்சி தந்தபோது அவருடைய எலும்புகள் முறிந்தன. அம்மருந்து வேண்டும் என்போரும் வேண்டா என்போரும் அக்கால மருத்துவரிடையே இருந்தனர். அத்துறையில் தேர்ந்த பொறுப்புள்ள மருத்துவர் குழு ஒன்று ஏற்றுக்கொண்ட முறைப்படி நடந்தவர் கவனக்குறைவுடையவர் ஆகார் என்று நீதிபதி விளக்கினார். 1997இல் போலிதோ வழக்கில், அக்குழுவின் கருத்து காரண காரியத்திற்குப் பொருந்துவதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் வரம்பு சேர்க்கப்பட்டது. சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் இவ்விரண்டையும் ஏற்றது. அளவுகோல் மருத்துவர் கையிலேயே இருந்தது. அது நேரானதா என்பதை மட்டுமே நீதிமன்றம் நோக்கியது.

நோயை அறிவதற்கும் அதனைத் தீர்ப்பதற்கும் இவ்வளவை தக்கதே. ஆயின், நோயாளிக்கு அறிவுரை கூறுங்கால் இது போதுமா? அறுவைக்கு உடன்படுவதா, வேண்டா என்பதா என்று முடிவு செய்பவர் நோயாளி அல்லரோ? திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயுற்றவரை மருத்துவருக்கும் முன்னே வைத்துள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது.

பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015இல் மான்ட்கோமரி வழக்கில் இவ்வழியே சென்றது. நீரிழிவுடைய தாய் ஒருவருக்கு, மகப்பேற்றின்போது குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் இடர் நூற்றுக்கு 9 அல்லது 10 என்ற அளவில் இருந்தும், மருத்துவர் அதனைக் கூறவில்லை. குழந்தை கடும் ஊனத்துடன் பிறந்தது. எதனைக் கூறவேண்டும் என்பதை மருத்துவர் வழக்கத்தைக் கொண்டன்றி, நோயாளியின் நிலையில் உள்ளவர் எதனை முக்கியமாகக் கருதுவார் என்பதைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும் என்பது தீர்ப்பு.

சிங்கப்பூரில் இவ்வினா எழுந்தது, தஞ்சோங் பகாரை அடுத்த ஊட்ரம் வட்டாரத்திலுள்ள தேசியப் புற்றுநோய் நிலையம் தொடர்பான ஒரு வழக்கில் ஆகும். கணையத்தில் கட்டி உண்டு என்ற ஐயத்தால் ஒருவர் பேரறுவை செய்துகொண்டார். பின்னர் ஆராய்ந்தபோது அது கட்டியன்று எனத் தெரிந்தது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மருத்துவர்மேல் தவறில்லை என்றே முடிவு கூறியது. எனினும், அறிவுரையைப் பொறுத்தமட்டில் நோயாளியின் நோக்கிலிருந்தே அளத்தல் வேண்டும் என்று புது நெறி வகுத்தது. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் பழைய அளவையே நின்றது.

இந்நெறி மருத்துவரிடையே அச்சத்தை விளைத்தது. கையில் ஊசி போடுவதற்கு முன் பக்க விளைவுகளைக் கூறவில்லை என்பதற்காக ஒரு மருத்துவருக்கு ஒழுங்கு நடவடிக்கை மன்றம் 100,000 வெள்ளி அபராதம் விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதனை நீக்கிற்று. வழக்கிற்கு அஞ்சித் தேவைக்கு மேற்பட்ட சோதனைகளைச் செய்வதும், நோயாளி முன் இடர்ப்பட்டியலை நீளக் கொட்டுவதும் நோயாளிக்கு நன்மை தாரா. செலவு பெருகும், உண்மையான எச்சரிக்கை பட்டியலுள் மறையும்.

ஆகவே 2020இல் நாடாளுமன்றம் உரிமையியல் சட்டத்தைத் திருத்தியது. 2022 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், மதிக்கத்தக்க மருத்துவர் குழுவின் கருத்தை மீண்டும் அளவுகோலாக்கியது. ஆயினும் பழைய கோல் அவ்வாறே திரும்பி வரவில்லை. அந்நிலையிலுள்ள ஒருவர் அறிந்து முடிவு செய்யத் தேவையான செய்திகளை அம்மருத்துவர் குழுவும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். மேலும், அந்நோயாளிக்கே சிறப்பாக முக்கியமானது என்று மருத்துவர் அறிந்த, அல்லது அறிந்திருக்கவேண்டிய செய்தியையும் கருதுதல் வேண்டும். கோலைப் பிடிப்பவர் மருத்துவர். அதில் கோடு இடுவதில் நோயாளிக்கும் பங்குண்டு.

இப்பங்கு பேசுவோர்க்கே பயன்படும். மிருதங்கம் வாசிப்பவருக்கு விரலின் சிறு மரப்பும் பேரிழப்பாகும். அவர் தம் தொழிலைச் சொல்லாவிடின் மருத்துவர் அதனை எங்ஙனம் அறிவார்? தஞ்சோங் பகார் அடுக்குமாடி வீட்டில் வாழும் தமிழ் மூதாட்டி ஒருவர், புரியாத ஆங்கிலத் தாளில் கையெழுத்திட்டு அறுவைக்குச் செல்கின்றார் எனக் கொள்வோம். அக்கையெழுத்து மையே அன்றி உடன்பாடு ஆகாது. இடர் என்ன, மாற்று வழி உண்டா, ஒன்றும் செய்யாதிருப்பின் யாது நேரும் என்னும் மூன்று வினாக்களையும் அவர் தம் மொழியில் கேட்டு, தம் மொழியில் விடை பெறுதல் வேண்டும். உடன் செல்லும் மகனும் மகளும் அவருக்காக முடிவு செய்பவராகாமல், அவர் முடிவு செய்வதற்கு மொழியால் துணை நிற்பவராதல் வேண்டும். தீங்கு நேர்ந்தபின் வழக்குமன்றத்தில் பிழையை அளப்பதினும், அறுவைக்கு முன் இவ்வினாக்களைக் கேட்பது எளிது, பயனும் பெரிது.