எடை குறைந்தால் உதை கூடும்! தோட்டத்துத் துப்பாக்கியின் ரகசியங்கள் தெரியுமா?

கோலசிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா வழியாக உலு சிலாங்கூர் பக்கம் போனால், சாலையின் இருபுறமும் செம்பனைதான். பகலில் அங்கே மனிதர் ராஜ்யம். இருட்டிவிட்டால்? காட்டுப்பன்றியின் ராஜ்யம்! நேற்று நட்ட கன்றுகளை இன்று காலை வேரோடு கிளறிப் போட்டிருக்கும். உடனே தோட்டத்தில் பேச்சு எழும்: "அண்ணே, லேசா ஒரு துப்பாக்கி வாங்கணும். எந்த போர் நல்லது?"

சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குள் நூறாண்டு வரலாறு, இயற்பியல், சட்டம், காடு எல்லாமே அடங்கியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

முதல் செம்பனைத் தோட்டம் நம் ஊரில்தான், தெரியுமா?

மலேசியாவில் வணிக அளவில் முதன்முதலில் செம்பனை நட்டது கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில். ஆண்டு 1917. நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை. காப்பி சரியாக வராத நிலத்தில்தான் இந்தச் சோதனையைச் செய்தார்! அதே துரை பிற்பாடு மலாயா வாழ்க்கையை நாவலாக எழுதி, 1930இல் பிரான்சின் புகழ்பெற்ற கொன்கூர் பரிசையும் வாங்கினார். அவர் நட்ட மரம் நாட்டுக்கே சோறு போட்டது. கூடவே பன்றிக்கும் விருந்து வைத்தது!

ஒரு சதுர கிலோமீட்டரில் 47 பன்றிகள், தெரியுமா?

நெகிரி செம்பிலானின் பாசோ காட்டை ஒட்டிச் செம்பனைத் தோட்டங்கள் உண்டு. அங்கே 1996இல் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 காட்டுப்பன்றிகள் இருந்தன! காரணம், மரத்தடியில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழம். எண்ணெய்ச் சத்து நிறைந்த உணவு ஆண்டு முழுக்கக் கிடைத்தால் பெருகாமல் என்ன செய்யும்?

இன்னொரு வியப்பு. தாய்ப்பன்றி குட்டி போடும் முன் கூடு கட்டும்! இளமரக் கன்றுகளைக் கடித்து முறித்து, குவியலாகப் போட்டு, அதன் அடியில் புகுந்துகொள்ளும். ஒரு கூட்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட கன்றுகள் பலியாகின்றன. தோட்டத்தில் தின்று, காட்டில் கூடு கட்டி, காட்டின் அடுத்த தலைமுறை மரங்களையே அழித்துவிடுகிறது.

12 போர் என்பதில் அந்த 12 என்ன, தெரியுமா?

மில்லிமீட்டர் அல்ல. அங்குலமும் அல்ல! குழாயின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகளை உருட்டுங்கள். ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை குண்டு கிடைக்கிறதோ, அதுதான் போர் எண். 12 குண்டு கிடைத்தால் 12 போர். வாய் அகலம் சுமார் 18.5 மி.மீ. 20 குண்டு கிடைத்தால் 20 போர். அதன் அகலம் 15.6 மி.மீ.தான். எண் ஏற ஏற வாய் சிறுக்கும்! 410 என்கிற சின்னத் துப்பாக்கிக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. அங்கே 0.410 அங்குலம் என்று நேரடியாகவே அளவைச் சொல்லிவிட்டார்கள்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது, தெரியுமா?

ஒரு 12 போர் தோட்டாவை நினைத்துப் பாருங்கள். அடியில் பித்தளை நிறத் தொப்பி. அதன் நடுவில் ஒரு சின்னப் பொட்டு. துப்பாக்கியின் ஊசி அந்தப் பொட்டில் தட்டியதும் தீப்பொறி பிறக்கும். அதற்கு மேலே வெடிமருந்து, அதன் மேல் பிளாஸ்டிக் அடைப்பு, அதற்கும் மேலே ஈயக் குண்டுகள். பறவைக்கான தோட்டாவில் நூற்றுக்கணக்கான பொடிக் குண்டுகள் இருக்கும். பன்றிக்கான சாதாரணத் தோட்டாவில் 8 மி.மீ.க்குச் சற்று மேல் தடிமனுள்ள குண்டுகள் ஒன்பதே ஒன்பது! இன்னொரு வகையில் ஒரே ஒரு பெரிய ஈயக் கட்டி. ஒரே துப்பாக்கியில் தோட்டாவை மட்டும் மாற்றினால் வேலையே மாறிவிடும். ரைஃபிளுக்கு இந்த வசதி இல்லை.

ஆனால் கவனம்! குண்டுகள் போகப் போக விரியும். தோராயமாக, ஒரு கெஜம் போனால் ஓர் அங்குலம் அகலும். முப்பது, நாற்பது மீட்டரைத் தாண்டிவிட்டால் ஒன்பதில் எத்தனை பன்றியின் மேல் படும் என்பது அதிர்ஷ்டத்தின் கையில். காயத்தோடு ஓடும் ஆண்பன்றியின் கோரைப்பல் எவ்வளவு ஆபத்து என்பது வேட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அதன் தோள் பகுதியில் தோலுக்கடியில் கேடயம் போலக் கெட்டியான திசு வேறு இருக்கிறது. இதயம் இருப்பதோ முன்னங்காலை ஒட்டி, நாம் நினைப்பதைவிடக் கீழே!

எடை குறைந்தால் உதை கூடும், தெரியுமா?

லேசான துப்பாக்கி கேட்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான். தோட்டா முன்னால் பாயும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தம் பின்னால் தோளுக்கு வரும். தோட்டா அதேதான் என்றால் துப்பாக்கியின் எடை குறையக் குறைய அது பின்னோக்கி வரும் வேகம் ஏறும். 3 கிலோ துப்பாக்கியை 2.4 கிலோவாக்கினால் உதையின் ஆற்றல் கால் பங்கு கூடிவிடும்! தோள் வலிக்கும் என்ற பயத்தில், சுடும் முன்பே கண்ணை மூடிக்கொள்வோர் எத்தனை பேர்! அந்தப் பயத்தில்தான் குறி தவறும்.

பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிக் கொல்லர்கள் இதற்கு அழகான கணக்கு வைத்திருந்தார்கள். தோட்டாவில் உள்ள குண்டுகளின் எடையை 96ஆல் பெருக்கு. அதுவே துப்பாக்கிக்கு ஏற்ற எடை! 32 கிராம் குண்டு என்றால் 3 கிலோவுக்குச் சற்று மேல். 24 கிராம் என்றால் 2.3 கிலோ போதும். ஆகவே லேசான துப்பாக்கி வேண்டுமென்றால் லேசான தோட்டாவுக்கு இறங்கி வாருங்கள். 12 போரையே மெலிய வைத்து அதில் கனத்த தோட்டாவைப் போடுவது தோளுக்கும் குறிக்கும் கேடு.

இந்தப் பாடத்தை ராணுவமே பட்டுத் தெரிந்துகொண்டது, தெரியுமா?

1948இல் மலாயாவில் அவசரகாலம் பிறந்தபோது படைவீரர்கள் பலர் காட்டுக்குள் தூக்கிப்போன துப்பாக்கி 'ஜங்கிள் கார்பைன்'. அன்றைய வழக்கமான லீ என்ஃபீல்ட் ரைஃபிள் ஏறக்குறைய 4.1 கிலோ. அதைக் கழித்து, செதுக்கி, குழாயை வெட்டி, 3.2 கிலோவாக்கினார்கள். தோட்டா மட்டும் அதே 303! விளைவு? உதை கடுமை, குழாய் வாயில் பெரிய தீச்சுடர், போதாக்குறைக்கு 'குறி ஓரிடத்தில் நிற்பதில்லை' என்ற வீரர்களின் புகார். 1944இல் பிறந்த அதன் தயாரிப்பு 1947இலேயே நின்றுபோனது. காட்டில் தூக்கி நடக்கச் சுகம், சுடும்போது துயரம்!

புலியைச் சாய்த்தது 7 மில்லிமீட்டர், தெரியுமா?

ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட், சம்பாவத் புலியைக் கொன்றதற்குப் பரிசாகப் பெற்றது 275 ரிக்பி. சுமார் 7 மி.மீ. தோட்டா போடும் லேசான ரைஃபிள்! நம் சேலம், தர்மபுரிக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சன் கையிலோ 405 வின்செஸ்டர். அதன் தோட்டா 10 மி.மீ.க்கும் மேல். அளவில் இவ்வளவு வித்தியாசம், ஆனாலும் இருவரும் சாதித்தார்கள். தோட்டாவின் பருமனைவிட அது போய்ச் சேரும் இடமே பெரிது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சுட்ட குண்டு எங்கே போய் நிற்கும், தெரியுமா?

இங்கேதான் தலை சுற்றும்! பறவைக்கான பொடிக் குண்டு எவ்வளவு உயரத் தூக்கிச் சுட்டாலும் ஏறக்குறைய 220 மீட்டரில் விழுந்துவிடும். பன்றிக்கான பெரிய குண்டு 600 மீட்டரையும் தாண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று பலர் நினைக்கும் 22 ரைஃபிளின் தோட்டா ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகும். 303 போன்ற ரைஃபிள் தோட்டாவோ மூன்று கிலோமீட்டர்!

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங் எல்லாம் கடலோரத் தட்டை நிலம். பெரும்பாலான தோட்டங்களில் தவறிய குண்டைத் தாங்க மேடும் இல்லை, மலையும் இல்லை. செம்பனை 9 மீட்டர் இடைவெளியில், முக்கோணக் கணக்கில் நட்டது. நிரைகளுக்கு நடுவே நேரான சந்து ஓடும். அந்தச் சந்தின் மறுகோடியில் யார் இருக்கிறார்கள்? லயம் இருக்கலாம், புதிய தாமான் இருக்கலாம், கோயில் இருக்கலாம். அதிகாலையில், மங்கலான வெளிச்சத்தில், மரத்தடியில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கும் தொழிலாளியைத் தூரத்திலிருந்து பாருங்கள். முதுகு மட்டும் கருப்பாக அசையும். பன்றி என்று நினைத்து விசையை இழுத்தால், இழுத்ததுதான்!

அதனால்தான் சொல்கிறேன். தோட்டத்துக்கு ஏற்ற துப்பாக்கி எது என்றால், குண்டு சீக்கிரம் நின்றுவிடும் துப்பாக்கிதான். தூரம் பாயும் ரைஃபிள் அல்ல.

பரண் ஏன் கட்டினார்கள், தெரியுமா?

பன்றியிடமிருந்து தப்பிக்க மட்டும் அல்ல! நாலு மீட்டர் உயரத்திலிருந்து முப்பது மீட்டரில் நிற்கும் பன்றியைச் சுட்டால், தவறிய குண்டு சற்றுத் தள்ளி மண்ணில் புதையும். தட்டை நிலத்தில் மலை இல்லாத குறையைப் பரண் தீர்த்துவிடுகிறது. மனித வாடை மேலே போய்விடுவதால் பன்றியின் கூர்மையான மூக்குக்கும் எளிதில் எட்டாது.

காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும், தெரியுமா?

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே! உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். சட்டவிரோதமாகச் சுடுகலன் வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. காவல்துறையின் துப்பாக்கி உரிமம் கையில் இருந்தாலும் போதாது. காட்டுப்பன்றி 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள விலங்கு. அதை வேட்டையாட, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் தரும் உரிமம் தனியாக வேண்டும். உரிமம் உங்கள் பெயரில் என்றால் துப்பாக்கி உங்கள் கையில் மட்டும்தான். உரிமம் இல்லாத தம்பிக்கோ மச்சானுக்கோ ஒரு ராத்திரிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. சுருக்குக் கம்பி கட்டுவதும் இதே வனவிலங்குச் சட்டத்தில் குற்றம்.

துப்பாக்கிச் சட்டத்தின் கடுமை நம் சமூகத்துக்குப் புதிதல்ல. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர் எஸ். ஏ. கணபதி. அவசரகாலத்தில் ரவாங் அருகே கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார் என்பதற்காக, 1949 மே 4 அன்று பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அன்றைய விதியில் ஆயுதம் வைத்திருப்பதே மரண தண்டனைக்குப் போதும்!

ஒரு கிலோகூட எடை இல்லாத ஆயுதம், தெரியுமா?

உலு சிலாங்கூர் காட்டோரம் வாழும் தெமுவான் பூர்வகுடியினரின் முன்னோர் கைக்கொண்டது சும்பித்தான் எனும் ஊதுகுழல். ஏறக்குறைய ஆள் உயரத்தைத் தாண்டும் மூங்கில் குழாய், மெல்லிய அம்பு, நுனியில் ஈப்போ மரத்துப் பால் நஞ்சு. சத்தமும் இல்லை, உதையும் இல்லை! சொந்த உணவுக்காகக் குறிப்பிட்ட சில விலங்குகளை வேட்டையாடும் உரிமையை இன்றைய சட்டமும் பூர்வகுடியினருக்குத் தருகிறது. விற்பதற்கு அல்ல.

துப்பாக்கியே இல்லாத வேட்டைக்காரரும் உண்டு, தெரியுமா?

தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கூகை ஆந்தைக்குக் கட்டிய வீடு! இரவெல்லாம் எலி பிடிக்கும். எலித் தொல்லைக்கு இதைவிடச் சிக்கனமான காவல் ஏது?

பன்றிக்கும் இயற்கை வைத்த காவல்காரன் ஒருவன் இருந்தான். புலி! 1950களில் மலாயாவில் ஏறக்குறைய 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிடுவார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி எஞ்சியிருந்தவை 150க்கும் குறைவு. பன்றியே புலியின் முக்கிய இரை. தோட்டத்தில் பன்றி மிகுந்தால் தொல்லை, காட்டில் பன்றி அற்றுப்போனால் புலிக்குப் பட்டினி! 2021இல் சபாவில் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அங்குள்ள காட்டுப்பன்றிகளையும் கொன்றது. அது போன்ற நோய் புலி வாழும் காட்டில் பரவினால் என்ன ஆகும்!

ஆக, "லேசா ஒரு துப்பாக்கி" கேட்கும் தம்பிகளுக்கு என் பதில் இதுதான். முறையாக உரிமம் எடுங்கள். தட்டை நிலத் தோட்டத்துக்கு, நடுவில் மடித்துத் தோட்டா போடும் மடக்குத் துப்பாக்கியே போதும். 12 போர் என்றால் 3 கிலோவை ஒட்டிய எடையில் பாருங்கள். அது கனமென்றால் 20 போரும் லேசான தோட்டாவும் எடுத்து, இன்னும் நெருக்கத்தில் சுடுங்கள். முப்பது மீட்டருக்குள், பரணிலிருந்து, கீழ்நோக்கி மட்டும் சுடுங்கள். போகும் முன் மண்டோரிடமும் காவலாளியிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். அசைவது பன்றிதான் என்று முழுசாகத் தெரியாதவரை விசையில் விரலை வைக்காதீர்கள். பன்றி நாளைக்கும் வரும். போன உயிர் வராது.