நாமே தூக்கி நிறுத்தக்கூடிய வாகனம்

வாகனம் என்பது இன்று ஆடம்பரப் பொருளல்ல. பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லவும், தைத்த உடுப்புகளை ரவுணில் கொண்டுபோய்க் கொடுக்கவும், கிளினிக் நாளில் நேரத்துக்குப் போய்ச் சேரவும் அது தேவைப்படுகின்றது. குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பெண்ணுக்கு இத்தேவை இரட்டிப்பானது. ஆனால் எந்த வாகனம் என்ற கேள்வி எழும்போது, பெரியதே பலமானது, சிறியது இளக்காரமானது என்ற எண்ணம் எமது சமூகத்தில் இன்னமும் நிலவுகின்றது. உலகின் மிகக் கடினமான பாதைகளில் மோட்டார் சைக்கிளில் பயணித்தவர்களின் அனுபவமோ இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகின்றது.

பாரம் என்ன செய்யும்?

நாடு விட்டு நாடு நெடும்பயணம் போவோருக்கெனவே பெரிய மோட்டார் சைக்கிள்கள் தயாரிக்கப்படுகின்றன. ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஆர் 1250 ஜீ.எஸ். என்ற வகை, பெற்றோல் நிரப்பிய நிலையில் 249 கிலோ எடை கொண்டது. பெட்டிகளும் பொதிகளும் ஏற்றினால் 300 கிலோவை நெருங்கிவிடும். நேரான நெடுஞ்சாலையில் இந்தப் பாரம் தெரிவதில்லை. வேகம் குறைந்து மணலிலோ சேற்றிலோ திரும்பும்போதுதான் அது தன் வேலையைக் காட்டும். சற்றுச் சரிந்தால் காலை ஊன்றித் தாங்கலாம். ஓரளவுக்கு மேல் சரிந்துவிட்டால் எந்த ஆண்மகனாலும் தாங்க முடியாது.

2004ஆம் ஆண்டில் திரைப்பட நடிகர் இவன் மக்கிரெகரும் அவரது நண்பர் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்குத் திசையாக நியூயோர்க் வரை பயணித்தார்கள். அவர்கள் ஓட்டியவை இத்தகைய பெரிய பி.எம்.டபிள்யூ. வாகனங்களே. மொங்கோலியாவின் சேற்றுப் பாதைகளில் அவர்கள் மீண்டும் மீண்டும் விழுந்தெழும்பினர். கூடச் சென்ற படப்பிடிப்பாளரின் வாகனத்தின் சட்டம் உடைந்தபோது, அவருக்கு மாற்றாகக் கிடைத்தது ரஷ்யத் தயாரிப்பான, விலை குறைந்த 350 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று. அதுவும் அந்தப் பாதையில் ஓடியது.

பெரிய வாகனங்களைத் தயாரிப்பவர்களும் இதை உணர்ந்துள்ளனர் போலும். 2023இல் வெளிவந்த ஆர் 1300 ஜீ.எஸ்., முன்னையதைவிட 12 கிலோ குறைவாகவே வடிவமைக்கப்பட்டது.

சிறிய வாகனத்தில் பெரிய பயணம்

பிரித்தானியாவைச் சேர்ந்த லொயிஸ் பிரைஸ் என்ற பெண், பி.பி.சி.யில் செய்த வேலையை விட்டுவிட்டு 2003இல் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடி வரை தனியே பயணித்தார். ஏறத்தாழ 32,000 கிலோமீற்றர். அவர் ஓட்டியது யமஹா நிறுவனத்தின் 225 சி.சி. 'செரோ' என்ற சிறிய வாகனம். செரோ என்பது ஜப்பானிய மலைகளில் வாழும், ஆட்டைப் போன்ற ஒரு விலங்கின் பெயர். அந்த வாகனத்தின் எடை முன்சொன்ன பெரிய வாகனத்தின் பாதியிலும் குறைவு. அதன்பின் லண்டனிலிருந்து தென்னாபிரிக்கா வரை அவர் சென்றதும் 250 சி.சி. வாகனத்தில்தான்.

வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஸ்ரெஃப் ஜீவன்ஸ் 2014 முதல் 2018 வரை அந்தாட்டிக்கா உட்பட ஏழு கண்டங்களிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டினார். அதுவும் 144 கிலோ எடையுள்ள, 250 சி.சி. ஹொண்டாவே.

ஆளற்ற வெளியில் விழுந்தால் தூக்கிவிட யாரும் வரமாட்டார்கள் என்பதே தனித்துப் பயணிப்பவரின் நிலை. அவருக்கு வாகனத்தின் வேகத்தைவிட, அதைத் தானே நிமிர்த்த முடியுமா என்பதே முக்கியமானது. பெரியதிலிருந்து சிறியதற்கு மாறுவது அந்த வகையில் இறக்கமல்ல. பிறர் கையை எதிர்பாராத நிலைக்கு ஏறுவதாகும்.

எமது வீடுகளில்

இப்பயணங்களுக்கும் எமக்கும் என்ன தொடர்பு என நீங்கள் கேட்கலாம். களப்பணியில் சந்தித்த ஒரு சகோதரியின் நிலை இதற்குப் பதிலாக அமையும். கணவர் காணாமற் போனவர். அவர் ஓடிய 150 சி.சி. மோட்டார் சைக்கிள் மட்டும் வீட்டில் நின்றது. ஏறக்குறைய 145 கிலோ. அதையே ஓடப் பழகினார். ஒருநாள் பிள்ளையையும் ஏற்றி வரும்போது மதகடி மணலில் சரிந்துவிட்டது. காயம் பெரிதில்லை. ஆனால் வாகனத்தைத் தூக்க முடியவில்லை. அந்த வழியால் ஆள் வரும்வரை அரை மணித்தியாலம் வெயிலில் நின்றார்கள். அதன்பின் அவர் அதைத் தொடவில்லை. தொழிலும் நின்றுபோனது.

சிறிய ஸ்கூட்டர் ஒன்றுக்கு மாறலாமே என்று கேட்டபோது அவர் சொன்னார்: "இது அவற்றை சைக்கிள், மிஸ். நாளைக்கு அவர் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

இந்தக் கேள்விக்கு எடை, விலைக் கணக்கால் பதில் சொல்ல முடியாது. அந்த வாகனம் அவருக்கு வெறும் இரும்பல்ல, காத்திருப்பின் அடையாளம். அவர் அதை விற்கவில்லை. கணவரின் தம்பியிடம் ஓடக் கொடுத்தார். தம்பி ஸ்கூட்டருக்கான முற்பணத்தில் ஒரு பங்கைத் தந்தார். நினைவைக் காப்பதற்காக வாழ்க்கையை நிறுத்தி வைக்கத் தேவையில்லை என்பதற்கு அந்தக் குடும்பம் கண்ட வழி அது.

தெரிவு செய்யும்போது

முதலில் எடையைப் பாருங்கள். ஸ்கூட்டி பெப் பிளஸ் போன்றவை 95 கிலோ அளவானவை. 110 சி.சி. ஸ்கூட்டர்கள் பல 105 கிலோவை அண்டியவை. அடுத்தது இருக்கையின் உயரம். அமர்ந்தபடி இரு பாதங்களும் நன்றாக நிலத்தில் ஊன்றவேண்டும். எடை குறைந்த வாகனமும் உயரமாயின் சிரமமே.

சாரதி அனுமதிப்பத்திரத்தையும் கவனியுங்கள். ஏ1 வகை 100 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டுமே உரியது. 110 சி.சி. ஸ்கூட்டருக்கு ஏ வகை அனுமதி தேவை. ஏ1 வைத்துக்கொண்டு 110 ஓடுவது சட்டப்படி அனுமதியில்லாமல் ஓடுவதாகும்.

தவணைக்கு வாங்குவதாயின் மாத வருமானத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிட்ட பின்னரே கையெழுத்திடுங்கள். பெரிய வாகனம் பெரிய தவணையையும் கொண்டுவரும். தவணை தவறினால் வாகனமும் போய், கட்டிய பணமும் போகும். 2022 யூலையில் எரிபொருள் அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலே கிடைத்ததை நாம் மறக்கவில்லை. குறைந்த பெற்றோலில் கூடிய தூரம் ஓடும் வாகனத்தின் அருமை அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

பதிவு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கணவரின் பெயரிலுள்ள வாகனத்தை மாற்றவோ விற்கவோ விரும்பினால், பிரதேச செயலகத்திலோ சட்ட உதவி ஆணைக்குழுவிலோ ஆலோசனை பெற்றபின் செய்யுங்கள்.

விழுந்தால்

முதலில் உங்களுக்குக் காயமுண்டா, பெற்றோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். எஞ்ஜினை நிறுத்துங்கள். வாகனம் வலப்பக்கம் விழுந்திருந்தால் பக்கத் தாங்கியை முதலிலேயே விரித்துவிடுங்கள். கியர் உள்ளதாயின் கியரில் போடுங்கள். ஸ்கூட்டராயின் பிறேக்கை அழுத்திப் பிடியுங்கள். பின் இருக்கைக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, கால்களால் உந்திச் சிறு அடிகளாகப் பின்னோக்கி நடந்து நிமிர்த்துங்கள். குனிந்து கைகளால் இழுத்தால் இடுப்புத்தான் பழுதாகும். வாகனம் வாங்க முன்னரே தெரிந்தவரின் வாகனத்தில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, இதைச் செய்து பாருங்கள். முடிந்தால் அது உங்களுக்கேற்ற எடை.

குறைகளும் உண்டு

சிறிய வாகனத்தில் குறையே இல்லை என்பதல்ல. ஸ்கூட்டரின் சிறிய சில்லுகள் குழிகளில் இலகுவில் இறங்கிவிடும். பஸ் கடந்து செல்லும்போது காற்று தள்ளும். நெல் மூடையோ மூன்று பிள்ளைகளோ ஏற்றுவதற்கு அது உரியதல்ல. குறைந்த தூரமாயினும் தலைக்கவசம் அவசியம். உங்கள் பாதை முழுவதும் மணலும் கிறவலுமாயின், சில்லுப் பெரிதான, எடை குறைந்த 100 சி.சி. மோட்டார் சைக்கிளே பொருத்தமாகலாம்.

ஊர் என்ன சொல்லும் என்று பார்த்து வாகனத்தைத் தெரிவு செய்வோர் பலர். ஊர் பார்ப்பது வாகனத்தின் தோற்றத்தை. மதகடியில் தனியே நிற்கப்போவது நாமும் எமது பிள்ளையும். எனவே கடையில் நிற்கும் வாகனத்தைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை நான் ஒருத்தியாகத் தூக்கி நிறுத்துவேனா? ஆம் என்றால், அளவில் சிறியதானாலும் அதுவே எமக்குரிய வாகனம்.