தியானத்துக்குக் குஷன் வாங்கப் போறீங்களா? முதல்ல வீட்டு ஜமக்காளத்தை மடிச்சுப் பாருங்க!

தியானம் பழக ஆரம்பித்தவர்களிடம் பேசிப் பாருங்கள். ‘மனசு அலைபாயுது’ என்பது முதல் புகாராக இருக்கும். இன்னும் கொஞ்சம் நோண்டிக் கேட்டால்தான் நிஜம் வெளியே வரும். பத்து நிமிஷத்துல கால் மரத்துப்போகுது, முட்டி வலிக்குது, இடுப்பு புடிச்சுக்குது! வலிக்கிற முட்டியோடு உட்கார்ந்திருப்பவருக்கு மனசு எப்படி நிற்கும்? பாதிப் பேர் ‘நமக்கு இதெல்லாம் செட் ஆகாது’ என்று ஒரே மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். பழி மனசின் மேல் விழுகிறது. குற்றவாளியோ, உட்காரும் இடம்.

டிசம்பர் 21-ம் தேதியை உலக தியான தினமாக ஐ.நா. பொதுச்சபை 2024-ல் அறிவித்ததிலிருந்து இந்தப் பேச்சு இன்னும் சூடு பிடித்திருக்கிறது. ஆன்லைனில் ‘மெடிட்டேஷன் குஷன்’ என்று தேடினால் வட்டம், பிறைநிலா, தாமரை என விதவிதமாக வந்து விழும். பல குஷன்களின் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டி நிற்கும். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அதில் உட்கார்ந்து பார்த்து வாங்க முடியாதே!

தருமபுரியில் இருக்கும் ஒருவர் அவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை. ஊரிலேயே இருக்கும் பஞ்சு மெத்தைக் கடையும் ஒரு தையல்காரரும் போதும். அதற்கு முன்னால் ஒரு விஷயம் மட்டும் புரிந்துவிட வேண்டும். நாம் தேடவேண்டியது மெத்தென்று இருக்கும் குஷனை அல்ல, சரியான உயரத்தை!

ஏன் உயரம்?

வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். முட்டி இரண்டும் இடுப்பைவிட மேலே நிற்கிறதா? அப்படியென்றால் உங்கள் இடுப்பெலும்பு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது சாய்ந்தால் கீழ்முதுகு வளையும். வளைந்த முதுகை நிமிர்த்திப் பிடிக்க முதுகுத் தசைகள் விடாமல் வேலை செய்ய வேண்டும். பத்து நிமிடத்தில் அவை களைத்துப்போய்விடும். அதுதான் அந்த ‘இடுப்புப் புடிப்பு’.

இப்போது உட்காரும் இடத்தை மட்டும் நாலு அங்குலம் உயர்த்துங்கள். இடுப்பெலும்பு முன்பக்கமாக லேசாகச் சாயும், முட்டிகள் தானாகக் கீழே இறங்கும். இரண்டு முட்டி, ஒரு இருக்கை என்று மூன்று இடத்தில் எடை பிரிந்து நிற்கும். அடுப்புக்கு மூணு கல் மாதிரிதான். முதுகு தன்பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கும், இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை.

கால் மரத்துப்போவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. மடித்த காலில் நரம்பு அமுங்கும்போதுதான் அந்த ‘சுருக் சுருக்’ வருகிறது. இருக்கை உயர்ந்தால் கால் மேல் விழும் எடை குறைகிறது.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் தியானத்துக்கான இருக்கை பற்றியே குறிப்பு இருக்கிறது. ரொம்ப உயரமாகவும் கூடாது, ரொம்பத் தாழ்வாகவும் கூடாது. புல், தோல், துணி என்று அடுக்கிப் போட வேண்டும் என்கிறது அது. ஜப்பானில் ஜென் துறவிகள் பயன்படுத்தும் ‘ஜாஃபு’ என்ற உருண்டைத் திண்டும் இதே கணக்குதான். சுமார் 14 அங்குலம் அகலம், ஆறேழு அங்குலம் உயரம். அதன் உள்ளே வழக்கமாக அடைக்கும் பொருள்களில் ஒன்று, நம்ம ஊர் இலவம்பஞ்சு!

ஜமக்காளப் பரீட்சை

காசு செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். வீட்டில் ஒரு ஜமக்காளம் இருக்கும். பவானி ஜமக்காளம் என்றால் இன்னும் நல்லது, அழுத்தமான நெசவு, அமுங்காது. அதை நாலாக, எட்டாக மடித்து, அதன் விளிம்பில் உட்காருங்கள். நடுவில் அல்ல, முன்பக்க விளிம்பில். தொடை ஜமக்காளத்தின் மேல் முழுசாகக் கிடக்கக்கூடாது, உட்காரும் எலும்பு மட்டும் அதன் மேல் இருந்தால் போதும்.

முட்டி இன்னும் மேலேயே நிற்கிறதா? இன்னொரு போர்வையை மடித்து மேலே போடுங்கள். முட்டி இடுப்புக்குச் சமமாகவோ அதற்குக் கீழேயோ வரும்வரை ஏற்றிக்கொண்டே போங்கள். வந்ததும், நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே யாரையாவது விட்டு ஸ்கேல் வைத்து உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். எழுந்த பிறகு அளந்தால் கணக்கு தப்பிவிடும்.

அந்த எண்தான் உங்கள் அளவு. ஒருவருக்கு மூன்று அங்குலம் வரும், இன்னொருவருக்கு ஏழு வரும். இடுப்பு இறுக்கமாக இருப்பவருக்குக் கூடுதலாக வேண்டும். தினமும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவருக்குக் குறைவாகவே போதும். கணவன், மனைவி இருவருக்கும் ஒரே குஷன் சரிப்படாமல் போவதும் இதனால்தான்.

அந்த உயரத்திலேயே பத்து நாள் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பாருங்கள். வலி இல்லையென்றால்... உண்மையைச் சொல்வதென்றால், குஷனே வேண்டாம். ஜமக்காளமே போதும். காய் நறுக்க அருவாமணைப் பலகையில் உட்கார்ந்த நம்ம பாட்டிகளுக்கு, எந்த ஆன்லைன் கடையும் இல்லாமலே இந்த ரகசியம் தெரிந்திருக்கிறது.

தருமபுரிக்காரர்கள் கொஞ்சம் கவனிக்க!

தரையில் உட்காருவது எல்லோருக்கும் சாத்தியம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். தருமபுரி மாவட்டத்தில் அப்படி எழுத முடியாது. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த கதை. குடிநீரில் ஃபுளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் அதிகபட்சம் 1.5 என்பது இந்திய தர நிர்ணய அளவு. அதற்கு மேலே உள்ள தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் காவிக்கறை. போகப்போக எலும்பிலும் மூட்டிலும் படிந்து, முதுகும் இடுப்பும் முட்டியும் விறைத்துப்போகும். பார்ப்பதற்கு மூட்டுவாதம் மாதிரியே இருக்கும்.

இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் வந்தது சரி. அதற்கு முன் முப்பது, நாற்பது வருஷம் போர்த்தண்ணீர் குடித்தவர்களின் எலும்பில் படிந்தது அவ்வளவு லேசில் கரையாது. அதனால் உங்கள் வீட்டு அப்பாவோ, மாமியாரோ ‘எனக்குக் கீழே உட்கார வரலை’ என்று சொன்னால், அது வயசோ சோம்பலோ மட்டும் இல்லை. ‘பழகினா சரியாயிடும்’ என்று அவர்களை மடக்கி உட்கார வைக்காதீர்கள். எத்தனை விலை உயர்ந்த குஷனும் இதைத் தீர்க்காது.

அவர்களுக்கு நாற்காலிதான். அதில் தியானம் செய்தால் மதிப்புக் குறைந்துவிடாது. ஆனால், வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு சிக்கல் உண்டு. அதன் இருக்கை பின்பக்கமாகச் சரிந்திருக்கும். உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் போய் முதுகு வளையும், தரையில் நடந்த அதே கதை! ஒரு டவலை மடித்து, இருக்கையின் பின்பாதியில் மட்டும் போட்டுச் சமப்படுத்துங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். எட்டவில்லையென்றால் காலுக்கு அடியில் ஒரு மணைப்பலகை.

முட்டியில் வீக்கம் இருந்தாலோ, எழுந்து நடந்த பிறகும் மரமரப்பு போகவில்லையென்றாலோ குஷன் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தேவைப்படுபவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

உள்ளே என்ன அடைக்கலாம்?

சரி, ஜமக்காளப் பரீட்சையில் பாஸ் ஆகிவிட்டீர்கள், தனியாக ஒன்று வேணும்னு தோணுது. அப்போ இலவம்பஞ்சுதான் என் ஓட்டு.

இலவம்பஞ்சு நார் உள்ளே வெற்றுக் குழல் மாதிரி இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு. அதனால் எடை குறைவு, வேர்வையைக் குடித்து ஈரமாகாது, அழுத்தி அடைத்தால் கெட்டியாக நிற்கும். ‘இலவு காத்த கிளி’ ஏமாந்தது நமக்கு லாபம்! தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் இந்தப் பஞ்சுக்குப் பேர்போன ஊர். தருமபுரி மெத்தைக் கடைகளில் கேட்டாலே கிலோ கணக்கில் கிடைக்கும். ஒரு திண்டுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ பிடிக்கும்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு சின்ன சோதனை. ஒரு சிட்டிகைப் பஞ்சைத் தண்ணீர் டம்ளரில் போடுங்கள். இலவம்பஞ்சு மிதந்துகொண்டே இருக்கும். (அந்தக் காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் ஜாக்கெட்டுகளை இதை வைத்துதான் செய்தார்கள்.) பருத்திக் கழிவு கலந்திருந்தால் அந்தப் பங்கு தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். கையில் உருட்டிப் பார்த்து, விதை தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள்.

ஸ்பாஞ்ச் வேணும்னா சோபாவுக்குப் போடும் மெத்தென்ற ரகம் வேண்டாம். உட்கார்ந்ததும் தரை தட்டிவிடும். ‘ரீபாண்டட் ஃபோம்’ என்று கேளுங்கள். துண்டு துண்டான ஃபோமை அழுத்தி ஒட்டிய கெட்டியான ரகம் அது. உங்கள் உயரத்துக்கு வெட்டித் தருவார்கள். அழகு கிடையாது, வேலை செய்யும்.

வெளிநாட்டில் பக்வீட் என்ற தானியத்தின் உமியை அடைக்கிறார்கள். ‘நம்ம ஊர்ல கேழ்வரகு இருக்கே, குழந்தைக்குக்கூட கேழ்வரகுத் தலையணை வைக்கிறாங்களே’ என்று எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த அளவுத் திண்டில் கேழ்வரகை நிரப்பினால் பத்து கிலோவுக்குப் பக்கத்தில் வரும்! தூக்கி வைக்கவே தனி உடற்பயிற்சி வேணும், வண்டு வேறு வைக்கும். சாமை உமி, நெல் உமி எல்லாம் தூசியும் அரிப்பும். விட்டுவிடலாம்.

தையல்காரரிடம் சொல்ல வேண்டியது

14 அங்குலம் விட்டத்தில் இரண்டு வட்டத் துணி. அவற்றைச் சுற்றி வர 44 அங்குலம் நீளத்தில் ஒரு பட்டை. இதற்கு மேல் தையலுக்கு அரை அங்குலம் விடச் சொல்லுங்கள். பட்டையின் அகலத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஜமக்காளத்தில் உங்களுக்கு வந்தது நாலு அங்குலம் என்றால், பட்டையை ஆறாக வையுங்கள். உட்கார்ந்தால் பஞ்சு இரண்டு அங்குலம் அமுங்கும்.

உள்ளே காடாத் துணி, வெளியே துவைக்கக் கழற்றுகிற மாதிரி கெட்டிப் பருத்தியில் ஒரு உறை. தமிழ்நாட்டின் பெரிய பட்டுக்கூடு மார்க்கெட் தருமபுரியில் இருக்கிறது என்ற பெருமையில் பட்டுத் துணியில் தைத்துவிடாதீர்கள், வழுக்கும். உள் உறையில் ஒரு பக்கம் ஜிப் வைப்பது கட்டாயம். ஆறு மாதத்தில் பஞ்சு படிந்துபோகும். அப்போது ஒரு கைப்பிடி சேர்க்கவும், உயரம் அதிகமாகத் தோன்றினால் எடுக்கவும் அந்த ஜிப்தான் வழி. கடையில் வாங்கும் குஷன் பலவற்றில் இந்த வசதி இருக்காது.

கணுக்கால் தரையில் உரசி வலிக்கும் என்பதால் திண்டுக்கு அடியில் அந்தப் பழைய ஜமக்காளத்தையே விரித்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டி மட்டும் தரையைத் தொடாமல் தொங்கினால், அதன் அடியில் மடித்த டவல். வஜ்ராசனத்தில் உட்காருபவர்கள் இதே திண்டைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, கால்களுக்கு நடுவே வைத்து அதன் மேல் உட்காரலாம்.

இலவம்பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். குத்துவிளக்கு, ஊதுபத்தி வைத்து தியானம் செய்பவர்கள் திண்டை அதிலிருந்து தள்ளிப் போடுங்கள். துவைக்க வேண்டியது உறையை மட்டும்தான். பஞ்சை நனைக்கக்கூடாது. மாதம் ஒருமுறை மொட்டை மாடியில் வெயிலில் போட்டு, மதியம் ஒரு தடவை புரட்டி, சாயந்தரம் நாலு தட்டுத் தட்டி எடுத்து வைத்தால் பழையபடி உப்பி நிற்கும்.