வீடு திரும்பிய பிறகும் வேலை இருக்கிறது!

பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெற்றவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும், "இனி ஓய்வுதான், ஊருக்கு அனுப்பிவிடலாம்" என்று எண்ணும் தமிழ்க் குடும்பங்கள் மும்பையில் உண்டு.

ஆனால் கை, கால் வேகமாகத் தேறுவது முதல் 3 மாதங்களில்தான். அந்த நாட்களைப் பயிற்சியின்றிக் கழித்தால் மூட்டுகள் இறுகிவிடும்.

படுத்தே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவக்கூடும். நிமிர்த்தி உட்காரவைத்தே உணவு ஊட்ட வேண்டும்.

ஹாஜி அலியில் மத்திய அரசின் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிலையம் 1955 முதல் இயங்கி வருகிறது. நடைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி இரண்டும் அங்கு உண்டு. ஊருக்கு ரெயில் டிக்கெட் எடுக்குமுன், டாக்டர் சீட்டுடன் அங்கே ஒரு நடை போய் வாருங்கள்!