கடலையும் காலி பாட்டிலும்

பகல் பன்னிரண்டு அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. திருச்சி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பார். முன்னால் டாஸ்மாக் கடையின் ஷட்டர் இறங்கியிருக்க, பின்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாஸ்டர் ஆட்டுக்குடலை மஞ்சள் தூளும் கல்லுப்பும் போட்டுக் கசக்கி மூன்றாவது தண்ணீரில் அலசினார். முகர்ந்து பார்த்தார். திருப்தி இல்லை, மறுபடி அலசினார். "லேசா வாடை இருந்தாலும் தட்டு திரும்பி வந்துடும் சார். குடிக்கிறவனுக்கு ருசி தெரியாதுன்னு நெனைக்கிறாங்க. அவனுக்குத்தான் நாக்கு நீளம்."

பார் எடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களை இவரைப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். கையில் நாலு காசு சேர்ந்ததும், நகையை வைத்தாவது ஒரு பார் எடுத்துவிட வேண்டும் என்று அலைகிறவர்கள் ஊருக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அடிப்படையே தெரியாது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் பார் நடத்துகிறவருக்குச் சரக்கு விற்கும் உரிமை கிடையாது.

2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. அதற்கான விதிகளின்படி பாட்டிலை விற்பது டாஸ்மாக் கடை. பக்கத்தில் இருக்கும் பாரை டெண்டர் எடுத்தவருக்குக் கிடைப்பது இரண்டே உரிமைகள்: தின்பண்டம் விற்கலாம், காலி பாட்டிலைச் சேகரிக்கலாம். நட்சத்திர ஓட்டலுக்கும் கிளப்புக்கும் தரப்படும் உரிமம் வேறு வகை. அதற்கான முதலீடும் வேறு. சாமானியன் கனவு காண்கிற பார் என்பது சுண்டல், ஆம்லெட், மாங்காய்க் கீற்று, குடல் வறுவல், தண்ணீர் பாட்டில், பிறகு ஒரு மூலையில் அடுக்கிய சாக்கு மூட்டைகள். அவ்வளவுதான்.

டெண்டர் கணக்கில்தான் பலர் கவிழ்கிறார்கள். பாருக்கான குறைந்தபட்சத் தொகை, பக்கத்துக் கடையின் மாத விற்பனையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கடையில் நல்ல ஓட்டம் இருந்தால் பாருக்குக் கட்டும் பணமும் ஏறும். ஆனால் கடையில் வாங்குகிறவர்கள் எல்லாரும் பாருக்குள் வருவதில்லையே! பைபாஸ் ஓரத்துக் கடையில் பாதிப்பேர் இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். அந்தப் பாட்டிலுக்கும் சேர்த்துத்தான் பார்க்காரர் பணம் கட்டுகிறார். நான் போயிருந்த அந்த பாரை நடத்துகிறவர் டெண்டர் போடுவதற்கு முன்னால் எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் ஒரு சனிக்கிழமையும் ஒரு செவ்வாய்க்கிழமையும் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். எத்தனை பேர் வாங்குகிறார்கள், அதில் எத்தனை பேர் உள்ளே திரும்புகிறார்கள் என்று சிகரெட் அட்டையில் கோடு போட்டே எண்ணினாராம். யாருக்கும் இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

அடுத்தது இடம். டெண்டர் கிடைத்தால் போதாது, கட்டடத்துக்காரர் மனம் வைக்க வேண்டும். பாருக்கான இடத்தை வாடகைக்குப் பிடிப்பது பார்க்காரர் பொறுப்பு. போன முறை நடத்தியவருக்கும் இடத்துக்காரருக்கும் ஒப்பந்தம் இருந்தால் புதிதாக வந்தவர் வெளியே நிற்க வேண்டியதுதான். இந்தச் சண்டை கோர்ட் வரை போனது. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, மதுவிலக்குச் சட்டத்தில் இந்த பார்களுக்கு இடமே இல்லை, ஆறு மாதத்தில் மூடுங்கள் என்றார். மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நடைமுறைக்கு வராமல் நின்றது. பணம் போட்டவர்களுக்கு அந்த நாட்களில் தூக்கம் இல்லை.

கடை போனால் பாரும் போகும். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தொடர்ந்து எத்தனையோ பார்கள் கொட்டகையைப் பிரித்தன. 2023 ஜூனில் ஒரே நாளில் 500 கடைகளை அரசு மூடியது. மூடியது சரிதான், குடி குறைய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கடன் வாங்கி பார் எடுக்கிறவர் இந்த ஆபத்தையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கொரோனாவில் பெரும்பாலான கடைகள் 2020 மே மாதமே திறந்துவிட்டன. பார்கள் ஆண்டுக் கடைசி வரை காத்திருந்தன.

வருமானமும் ஒவ்வொன்றாகக் கழன்றிருக்கிறது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தது. பிளாஸ்டிக் கப்பும் தண்ணீர் பாக்கெட்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2022-இல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்பதால் நீதிமன்றம் தலையிட்டுக் கொண்டுவந்த நல்ல திட்டம். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. ஆனால் குவார்ட்டர் வேறு, ஆஃப் வேறு, பீர் வேறு என்று பிரித்து மூட்டை கட்டி வியாபாரிக்குப் போட்ட பணம்தான் பல பார்களில் பையன்களின் சம்பளமாக இருந்தது. அந்த உரிமை போன இடத்தில் பாருக்குக் கட்டும் தொகையும் அதற்கேற்பக் குறைவதுதான் நியாயம்.

இப்படிக் கை கடிக்கும்போதுதான் 'பிளாக்' ஆசை வருகிறது. கடை பகல் 12 முதல் இரவு 10 வரை. அதற்கு முன்னும் பின்னும், திருவள்ளுவர் தினம், காந்தி ஜெயந்தி போன்ற விடுமுறை நாட்களிலும், பதுக்கிய குவார்ட்டரைக் கூடுதல் விலைக்கு நீட்டுவது. ஊரறிந்த விஷயம்தான், எல்லாரும் செய்கிறார்கள் என்பார்கள். 2023 மே மாதம் தஞ்சாவூர் கீழவாசலில் கடை திறக்கும் முன்பே பாரில் வாங்கிக் குடித்த இரண்டு பேர் செத்துப்போனார்கள். உடலில் சயனைடு இருந்தது பிறகு தெரியவந்தது. அது எப்படி வந்தது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். விற்கக் கூடாத நேரத்தில் விற்ற பாட்டிலுக்கு யாரிடம் போய் என்ன பதில் சொல்வது? பிளாக்கை நம்பித்தான் பார் ஓடும் என்றால் அந்த பாரை எடுக்காதீர்கள்.

மிஞ்சுவது அடுப்பு. நல்ல மாஸ்டர் கிடைத்தால் பாதிக் கவலை தீரும். எண்ணெயை மறுநாளைக்கு வைக்காதீர்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தைச் சுவரில் மாட்டுங்கள். மேஜை துடைக்கும் பையனுக்கு ஒரு ஜோடி தடித்த செருப்பும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். அன்றைக்கு நான் பார்த்த பையனின் கட்டைவிரலில் பழைய பனியன் துணி சுற்றியிருந்தது. முந்தின இரவு கண்ணாடி கிழித்ததாம். 21 வயதாகாத முகம் உள்ளே வந்தால் எழுப்பி அனுப்புங்கள்.

இன்னொன்றும் உண்டு. பல பார்களில் கழிவறை என்று ஒன்று இருப்பதே இல்லை. பின்சுவர்தான் கதி. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கும், வீட்டில் பெண்கள் இருப்பார்கள். நான் பார்த்த பார்க்காரர் முதல் மாதமே கடன் வாங்கி இரண்டு கழிவறை கட்டினார்; தண்ணீர்த் தொட்டிக்குத் தனி மோட்டார் வைத்தார். பக்கத்து வீட்டு அம்மா அதுவரை கலெக்டர் ஆபீசுக்கு மனு மேல் மனு போட்டவர். அன்று நான் கிளம்பும்போது அவர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. முன்பெல்லாம் பகலிலும் சாத்தியே இருக்குமாம்.